ஓரிலைக்கு இரு புழுக்கள்

தோற்றுவாய்

தமிழ்த்துறை மலரில் பூச்சியைப் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ என அன்பர் சிலர் வினவக்கூடும். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகைப்படுத்தி, தும்பிக்கும் ஓரிடம் அளித்த தொல்காப்பிய மரபியலே அவ்வினாவுக்கு விடையாகும். திருமறையிலும் தேனீ, எறும்பு, சிலந்தி ஆகிய சிற்றுயிர்களின் பெயரால் மூன்று அத்தியாயங்கள் வழங்குவதை நாம் அறிவோம். ‘அல்காரிஆ’ அத்தியாயத்தில், இறுதி நாளில் சிதறித் திரியும் மாந்தர்க்கு உவமையாக வரும் பூச்சியைத் தமிழில் பெயர்த்தோருள் சிலர் ‘ஈசல்’ என்றனர். வேறு சிலர் ‘விட்டில்’ என்றனர். ஒரு பூச்சியின் பெயரிலேயே நமக்கு இத்துணைத் தயக்கம் உண்டெனில், அதன் வாழ்வை நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

இக்கட்டுரையில் நாம் காணப்போவது விரல்நுனியில் அடங்கும் ஒரு சிறிய அந்துப்பூச்சியை. அதன் புழு முசுக்கட்டை இலையைத் தின்று வாழ்கிறது. அதே இலையைத் தின்னும் வேறொரு புழுவை நம் தருமபுரி உழவர்கள் கண்ணின் மணிபோல் காத்து வளர்க்கின்றனர். அது பட்டுப்புழு. ஒன்று விருந்தாளி, மற்றொன்று வேண்டா வரவு. ஆயினும் இரண்டும் ஒரே குலத்தின. இவ்வுறவை அறியாமையால் விளையும் இழப்பும், அறிவதால் விளையும் நன்மையும் இக்கட்டுரையின் பொருளாகும்.

பாராமகாலும் முசுக்கட்டையும்

முசுக்கட்டை என்பது மல்பெரியின் தமிழ்ப்பெயர். கம்பளிச்செடி என்றும் அகராதிகள் கூறும். தருமபுரியின் மேற்கெல்லையில் கன்னடம் பேசுவோர் ‘இப்புநேரளே’ என்பர். உழவர் நாவில் இன்று நிலைத்திருப்பது ‘மல்பெரி’ என்னும் சொல்லே. இலையை அவர்கள் ‘தழை’ என்பர். தானே வளரவிட்டால் மரமாகும் இது, பட்டுவளர்ப்போர் தோட்டங்களில் அடிக்கடி கவாத்து செய்யப்படுவதால் புதராகவே நிற்கிறது.

மைசூர்ச் சீமையில் பட்டுவளர்ப்புக்கு ஊக்கமளித்தவருள் திப்பு சுல்தான் முதன்மையானவர். வங்காளத்திலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் பட்டுப்புழுக்களை வருவிக்க அவர் மேற்கொண்ட முயற்சிகளை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களை உள்ளடக்கிய பாராமகால் 1792ஆம் ஆண்டு வரை அவர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவ்வாண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பெனியார் கைக்கு மாறியது. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004ஆம் ஆண்டு அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. எல்லைகள் மாறினும் தொழில் மாறவில்லை. பாலக்கோடு, பென்னாகரம் பகுதிகளில் மல்பெரித் தோட்டங்களை இன்றும் காணலாம். தருமபுரி நகரிலுள்ள அரசு பட்டுக்கூடு அங்காடிக்குப் பிற மாவட்ட உழவர்களும் தம் கூடுகளை ஏலத்திற்குக் கொண்டுவருகின்றனர்.

இம்மாவட்டம் மழைவளம் மிக்கதன்று. சிறிது நிலமும் ஒரு கிணறும் உடைய குடும்பம், ஆண்டுக்கு ஒரு விளைச்சலை நம்பியிராமல், ஐந்தாறு முறை சிறிது சிறிதாகப் பணம் காண்பதற்குப் பட்டுவளர்ப்பு வழிவகுக்கிறது. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் பல இல்லங்களில் இக்கூடுகளிலிருந்தே வருகிறது. நம் வகுப்பறையில் அமர்ந்திருப்போருள் அத்தகையோரும் உளர்.

வளர்ப்புப் புழு

பட்டுப்புழுவின் அறிவியற் பெயர் பாம்பிக்ஸ் மோரி. ‘மோரி’ என்பதற்கு ‘மல்பெரிக்குரிய’ என்பது பொருள். இது மல்பெரி இலையன்றி வேறொன்றையும் இயல்பாக உண்பதில்லை. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரால் வளர்க்கப்பட்டமையால் இதன் அந்துப்பூச்சி பறக்கும் ஆற்றலை இழந்துவிட்டது. வாய் இருந்தும் உண்பதில்லை. கூடும், ஏறத்தாழ நானூறு முதல் ஐந்நூறு முட்டைகள் இடும், மடியும்.

முட்டையிலிருந்து எறும்பளவில் வெளிவரும் புழு, நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவங்களைக் கடந்து, இருபத்தைந்து நாள் அளவில் தன் எடையைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக்கொள்கிறது. வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்கை இறுதிப் பருவத்திலேயே தின்றுவிடும். அந்நாள்களில் புழுமனைக்குள் நின்றால் தகரக் கூரைமேல் தூறல் விழுவதுபோன்ற ஓசை கேட்கும். ஆயிரக்கணக்கான வாய்கள் இலையைக் கடிக்கும் ஒலி அது. பின்னர் புழு உண்பதை நிறுத்திக் கண்ணாடிபோல் ஒளிரும். அப்போது அதைச் சந்திரிகையில் ஏற்றுவர். கீழுதட்டருகேயுள்ள நூற்பு உறுப்பின் வழியே நூலை வெளியிட்டு, தலையை எட்டு வடிவில் ஆட்டியாட்டி, இரண்டு மூன்று நாளில் கூட்டைக் கட்டி முடிக்கும். நல்ல வெண்கூடு ஒன்றில் ஒரே இழையாக ஆயிரம் மீட்டர் அளவுக்கு நூல் இருக்கும்.

பட்டு நம் இல்லங்களில் பொருள்பொதிந்த சொல். ஆடவர்க்குப் பட்டாடை விலக்கப்பட்டுள்ளது, மகளிர்க்கு ஆகும். சுவனத்தாரின் ஆடை பட்டு எனத் திருமறை கூறும். மணப்பெண்ணின் பட்டுச்சேலையைத் தொட்டுப் பார்க்கும் நம் மூத்த மகளிர், அதன் சரிகையை எடைபோடுவர், புழுவை நினைப்பதில்லை. நினைத்தால் ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவந்தால் இழை அறுபடும் என்பதால், கூட்டுக்குள் உறங்கும் புழுவை நீராவியாலோ வெப்பக் காற்றாலோ கொன்ற பின்னரே நூல் எடுக்கின்றனர். நாம் விரும்பும் புழுவுக்கும் நம் கையாலேயே முடிவு.

அழையா விருந்து

இனி மற்றப் புழுவைக் காண்போம். அறிவியலார் இதனை டயஃபேனியா புல்வெருலென்டாலிஸ் என்பர். கிளைஃபோடிஸ் என்னும் பேரினத்துள்ளும் இதனை வைத்து வழங்குகின்றனர். இதனை முதலில் விவரித்தவர் ஜார்ஜ் ஹாம்ப்சன். நீலகிரியில் தேயிலைத் தோட்டப் பணிக்கு வந்து, பூச்சிகளில் மனம் பறிகொடுத்து, இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் எழுதியவர் அவர். ‘புல்வெருலென்ட்’ என்பது இலத்தீனில் ‘புழுதி படிந்த’ எனப் பொருள்படும். சிறகுகளில் பழுப்புத் தூள் தூவியதுபோன்ற இதன் தோற்றத்திற்கு அப்பெயர் பொருந்துகிறது.

நெடுங்காலம் நூலோடு நூலாகக் கிடந்த இப்பெயர், 1990களின் நடுவில் உழவரின் கவலையாயிற்று. 1995ஆம் ஆண்டளவில் கர்நாடக மல்பெரித் தோட்டங்களில் இப்புழு பெருந்தீங்காகத் தலையெடுத்தது. பின்னர் தமிழகத்திலும் பரவியது. நம் பகுதியில் இதனை இலைச்சுருட்டுப் புழு என்பர்.

தாய்ப்பூச்சி இரவில் நடமாடும், தளிர்களில் முட்டையிடும். வெளிவரும் இளம்பச்சைப் புழு, குருத்திலைகளைத் தன் எச்சில் நூலால் இழுத்துப் பிணைத்து, மடித்து, அம்மடிப்புக்குள் மறைந்துகொள்ளும். முதலில் இலையின் பசுமையைச் சுரண்டும். வளர்ந்தபின் இலையையே தின்னும். மடிப்பைப் பிரித்தால் கருமணல்போல் எச்சம் உதிரும். குருத்து கெடுவதால் கிளையின் வளர்ச்சி நின்றுவிடும். எஞ்சிய இலையும் பட்டுப்புழுவுக்கு ஆகாது. முதிர்ந்த புழு சருகிலோ மண்ணிலோ கூட்டுப்புழுவாகும். சில வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்து மறு தலைமுறை தொடங்கிவிடும். மழை தொடங்கும் காலத்தில் தலைகாட்டி, ஐப்பசி கார்த்திகையில் மிகுந்து, பனிக்காலம் வரை நீடிப்பது இதன் இயல்பு.

ஈண்டு ஒன்றை நோக்க வேண்டும். குருத்தைப் பிணைக்கும் அந்த எச்சில் நூல் எது? அதுவும் பட்டு வகையே. பட்டுப்புழுவின் உடலில் எந்த வகைச் சுரப்பி நூலைத் தருகிறதோ, அதே வகைச் சுரப்பிதான் இப்புழுவின் உடலிலும் நூலைத் தருகிறது. சிறகில் செதிலுடைய பூச்சிகளாகிய ஒரே வரிசையைச் சேர்ந்தவை இரண்டும். முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என வாழ்வின் நான்கு படிகளும் இரண்டுக்கும் பொது. நூலை ஒன்று கூடாக்குகிறது. நாம் அதை விலைகொடுத்து வாங்குகிறோம். மற்றொன்று மறைவிடம் ஆக்குகிறது. நாம் அதைப் பீடை என்கிறோம். நன்மை, தீமை என்னும் பெயர்கள் நம் தேவையிலிருந்து பிறந்தவை என்பது இதனால் விளங்கும்.

நஞ்சுக்கு உறவு தெரியாது

சில ஆண்டுகளுக்கு முன், நம் மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்றுப் பாலக்கோட்டை அடுத்த சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அவருடைய பாட்டியார் தோட்டத்தில் தழை கொய்துகொண்டிருந்தார். ஒரு குருத்தைக் கிள்ளி, மடிப்பைப் பிரித்து, உள்ளிருந்த புழுவை நம் உள்ளங்கையில் வைத்தார். “பாருங்க பாய், இதுவும் அந்தத் தழையத்தான் திங்குது. மருந்தடிச்சா ஒரு நாள்ல போயிரும். ஆனா உள்ள வீட்ல நாப்பதாயிரம் பிள்ளைங்க கெடக்கே, அதுங்களுக்கு என்னத்தப் போடுவேன்?” என்றார். நூறு முட்டைத் தொகுதிகளுக்குரிய புழுக்களையே அவர் பிள்ளைகள் என்றார்.

முந்தைய போகத்தில் நேர்ந்ததையும் அவர் கூறினார். புழுக்கள் இறுதிப் பருவத்தில் இருந்தபோது, பக்கத்து நிலத்தில் தக்காளிக்கு மருந்து தெளித்திருக்கின்றனர். காற்று மல்பெரிப் பக்கம் வீசியிருக்கிறது. மறுநாள் அந்த வரிசையில் கொய்த தழையைத் தின்ற புழுக்கள் உணவை வெறுத்து, சுருண்டு, அசைவற்றுக் கிடந்தன. இருபது நாள் உழைப்பைக் குழி தோண்டி மூடினர். பக்கத்து நிலத்துக்காரர் தீயவர் அல்லர். புட்டியில் பச்சை முக்கோணம் இருப்பதைப் பார்த்து, ‘கேடில்லாத மருந்து’ என நம்பித்தான் தெளித்தாராம்.

அந்த முக்கோணம் நம் சிந்தனையை விட்டு நீங்கவில்லை. நம் நாட்டில் பூச்சிக்கொல்லிப் புட்டிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு நிறங்களில் குறி இடப்படுகிறது. சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், பச்சை கடுமை குறைந்ததையும் சுட்டும். அந்தக் கடுமை மனிதர் முதலிய பாலூட்டிகளுக்கு உண்டாகும் தீங்கைக் கொண்டு அளக்கப்பட்டது. புழுக்களைக் கொண்டு அளக்கப்பட்டதன்று. அண்மைக் காலத்தில் பெருகியுள்ள குளோரான்ட்ரானிலிப்ரோல் போன்ற மருந்துகள் பச்சைக் குறியுடன் விற்கப்படுகின்றன. தக்காளியின் காய்ப்புழு, 2018ஆம் ஆண்டு இந்தியாவில் முதலில் காணப்பட்ட மக்காச்சோளப் படைப்புழு ஆகியவற்றிற்கு எதிராக அவை தெளிக்கப்படுகின்றன. அவ்விரண்டும் அந்துப்பூச்சியின் புழுக்களே. இம்மருந்து புழுவின் தசையைச் செயலிழக்கச் செய்து, உண்ணவொட்டாது தடுக்கும். அந்துப்பூச்சிக் குலத்தைக் குறிவைத்தே ஆக்கப்பட்டமையால் பட்டுப்புழுவுக்கு மிகச் சிறிய அளவே போதும், உயிரைப் போக்க. உழவருக்குப் பச்சையாய் இருப்பது புழுவுக்குச் சிவப்பு.

முன்னாளில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு டைக்குளோர்வாஸ் என்னும் மருந்தைப் பரிந்துரைத்தனர். ‘நுவான்’ என்று உழவர் பெயர்சொல்லி வாங்கிய அது விரைவில் ஆவியாகிவிடும். ஆதலால் தெளித்த பின் உரிய நாள்கள் காத்திருந்து தழை கொய்யலாம் என்பது கணக்கு. மனிதர்க்கும் கொடிதாகிய அம்மருந்து 2018ஆம் ஆண்டு அரசாணையின்படி 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது. வேப்பங்கொட்டைச் சாறு போதுமே என்பாரும் உளர். வேம்பு நல்லதே, ஆயினும் அதுவும் புழுவின் பசியையும் வளர்ச்சியையும் கெடுத்தே பயன் தருகிறது. அதையும் தெளித்த மறுநாளே தழை கொய்தல் ஆகாது.

கையும் காலமும் குளவியும்

அவ்வாறாயின் வழி என்ன? இரு புழுக்களையும் நஞ்சால் பிரித்தறிய இயலாது. ஆனால் இடத்தாலும் காலத்தாலும் பருவத்தாலும் பிரிக்க இயலும். ஒன்று மனைக்குள் வாழ்கிறது. மற்றொன்று தோட்டத்தில் வாழ்கிறது. ஒன்றின் நாள்கணக்கு நம் கையில் இருக்கிறது. மற்றதன் நாள்கணக்கை அறிந்துகொள்ளலாம். இந்த வேற்றுமையே உழவரின் படைக்கலம்.

முதலாவது, கை. கவாத்துக்குப் பின் குருத்து விடும் நாள்களில் தோட்டத்தைச் சுற்றிவந்து, பிணைந்த குருத்துகளைப் புழுவுடன் கிள்ளிச் சோப்புக் கரைசலில் அமிழ்த்தியோ எரித்தோ அழித்தல். கிள்ளியதை வரப்பில் எறிந்தால் புழு திரும்பிவரும். தொடக்கத்தில் ஒரு புழுவை நீக்குவது, அடுத்த தலைமுறையில் நூறு முட்டைகளைத் தடுப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, மண். கூட்டுப்புழு சருகிலும் மண்ணிலும் உறங்குவதால், கவாத்துக்குப் பின் சருகைக் கூட்டி அகற்றி நிலத்தை உழுது கிளறினால் அவை வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். நீர் பாய்ச்சித் தேக்குவதும் பயன் தரும். இரவில் விளக்குப் பொறி வைத்தால் தாய்ப்பூச்சிகள் வந்து விழும்.

மூன்றாவது, குளவி. இது நாம் அறிந்த கொட்டும் குளவியன்று. ஒரு மில்லிமீட்டரினும் சிறியது. டிரைக்கோகிரம்மா எனப்படும் அது, அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டுவிடும். புழு பிறக்கவேண்டிய முட்டையிலிருந்து குளவி பிறக்கும். அட்டைகளில் ஒட்டி விற்கப்படும் இவற்றைத் தோட்டத்தில் கட்டிவிடுகின்றனர். கூட்டுப்புழுவைத் தாக்கும் டெட்ராஸ்டிக்கஸ் என்னும் வேறொரு சிறுகுளவியும் உண்டு. முட்டையில் தப்பியது அங்கே அகப்படும். இவையன்றிச் சிலந்தியும் ஊனுண்ணும் வண்டுகளும் கூலி கேளாமல் உழைக்கின்றன. நஞ்சு தெளித்தால் முதலில் மடிவன இத்தோழர்களே.

நான்காவது, காலம். மருந்து தவிர்க்க முடியாததாயின், கவாத்து செய்த இரண்டு மூன்று வாரத்துக்குள், புழுமனை ஒழிந்திருக்கும் வேளையில், பட்டு வளர்ச்சித்துறையினரிடம் கேட்டறிந்து தெளித்தல் வேண்டும். அவர்கள் குறிக்கும் காத்திருப்பு நாள்களை ஒரு நாளும் குறைத்தல் கூடாது. பக்கத்து நிலத்தாரிடம் நம் புழுவின் நாள்கணக்கை முன்கூட்டியே சொல்லிவைப்பதும் இதில் அடங்கும். அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்தும் மார்க்கம் நம்முடையது. வரப்புக்கு அப்பால் இருப்பவரும் அண்டை வீட்டாரே.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன பணி?

அந்தப் புட்டியோடு ஒரு துண்டறிக்கையும் வந்திருந்தது. மாணவர் அதைத் தேடியெடுத்து நம்மிடம் காட்டினார். பல மொழிகளில், கடுகினும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தனர். பட்டுப்புழுவுக்குத் தீங்கு என்னும் எச்சரிக்கை தமிழிலும் இருந்தது. ஆனால் இலக்கணம் கற்ற நாமே அவ்வாக்கியத்தை இருமுறை படித்த பின்னரே எழுவாய் எது, பயனிலை எது எனக் கண்டோம். அதனைத் தக்காளி வயலில் நிற்பவர் எவ்வாறு படிப்பார்?

நம் மொழியில் சொல்வளத்துக்குக் குறைவில்லை. ஆனால் ‘பூச்சி’ என்னும் ஒரு சொல்லால் தேனீயையும் குளவியையும் அந்துப்பூச்சியையும் சுட்டிவிட்டு, ‘பூச்சி மருந்து’ என்று பொதுவாகக் கூறிவிடுகிறோம். ‘பட்டுப்பூச்சி’ என்றால் மழைநாளில் ஊரும் சிவப்புச் சிற்றுயிரைக் கருதுவோரும் உளர். பெயர் குழம்புமிடத்தில் அறிவும் குழம்பும். அறிவு குழம்புமிடத்தில் நாற்பதாயிரம் புழுக்கள் ஒரே நாளில் மடியும். ‘இம்மருந்து அந்துப்பூச்சிப் புழுக்கள் அனைத்தையும் கொல்லும், பட்டுப்புழுவும் அவற்றுள் ஒன்று, அருகில் மல்பெரி இருந்தால் தெளிக்காதீர்’ என்று மூன்று சிறு தொடர்களில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் எழுதினால் போதும். இதற்குப் பெரும்புலமை வேண்டா, பொறுப்புணர்ச்சி வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியத்தக்கவை இவை: இலைச்சுருட்டுப் புழுவும் பட்டுப்புழுவும் ஓரிலையை உண்டு, ஒருவகை நூலை நூற்று, ஒரே குலத்தில் வாழ்வன. ஆதலால் ஒன்றைக் கொல்லும் நஞ்சு மற்றொன்றையும் கொல்லும். இரண்டையும் பிரித்துக் காக்க வல்லது, அவற்றின் வாழ்வை அறிந்த மனிதரின் கண்ணும் கையுமே.

பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பேருந்தேறி வரும் நம் மாணவச் செல்வங்கள் இவ்விடுமுறையில் ஒரு சிறுபணி செய்தல் வேண்டும். தம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் உள்ள மருந்துப் புட்டிகளின் தாள்களை எடுத்துப் பெரியோர்க்குப் படித்துக் காட்டுக. விளங்காத தொடரை விளங்கும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுக. முக்கோணத்தின் நிறம் யாருக்கு உரியது என்பதை எடுத்துச் சொல்லுக. பாலக்கோட்டுப் பாட்டியார் அடுத்த போகத்திற்கு மீண்டும் முட்டைத் தொகுதி வாங்கினார். குருத்து விட்ட நாள் முதல் காலையில் ஒரு முறை தோட்டத்தைச் சுற்றிக் கையால் கிள்ளுகிறார். பக்கத்து நிலத்துக்காரரும் மருந்தடிக்குமுன் வரப்பில் நின்று, “ஆயா, புழு எந்தப் பருவம்?” எனக் கேட்டுக்கொள்கிறாராம். அவ்வொரு வினா ஊர்தோறும் கேட்கப்படுமாயின், நாம் கற்ற தமிழ் தன் பணியைச் செய்தது எனக் கொள்ளலாம்.